மேற்படி நாயின் நீர்ப்பை

கால்நடை மருத்துவமனை நடைக்கூடத்தில் எனக்கு முன்னால் ஆறு ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி, கோணிப்பைக்குள் ஒரு சேவல். தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஆடு கொண்டுவந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருப்பது தெருநாய் என்று தெரிந்ததும், நாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

முறை வந்தது. டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். இடுக்கியால் நாயின் முன்கால் விரலை அழுத்தினார். நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பிறகு பின்கால் விரலை, எலும்பு வரை உறைக்கும்படி அழுத்தினார். நாய் சுவரில் போன பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்தினார். பல்லி ட்யூப் லைட்டுக்குப் பின்னால் மறைந்தது. நாய் அதற்காக மட்டும் வருத்தப்பட்டது.

இதற்கு ஆழ்வலிச் சோதனை (எலும்பில் படும் வலி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது) என்று பெயர். போய்ச் சேரவில்லை. முதுகெலும்பு முறிந்து, உள்ளே தண்டுவடம் நசுங்கியிருந்தது.

"நடக்காது சார்" என்றார் டாக்டர். "ஆனா இப்ப பிரச்சின அது இல்ல. மூத்திரம் தானா போகாது. அதத்தான் நீங்க பாத்துக்கணும்."

நடக்காது என்பதைப் பற்றி உருக்கமாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது மற்றதைப் பற்றி. உங்கள் வீட்டுக்கும் பின்கால் செத்த நாய் ஒன்று வந்திருந்தால், என்னிடம் நீங்கள் கற்க வேண்டியது நான் செய்த ஒரு தவறை மட்டுமே. பிற விஷயங்களை என்னைவிடக் கெட்டிக்காரர்கள் சொல்வார்கள்.

நாய் எங்களுடையது அல்ல. என் மனைவி வசந்தா தொண்டூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. ஆடி முதல் வாரத்தில் ஒருநாள், பள்ளிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக அடுக்கிய கல்லை ஒட்டிப் படுத்திருந்த நாயின்மேல் ஏதோ வண்டி ஏறிவிட்டிருந்தது. அது முன்கால்களால் மட்டும் நெல்லை வாரி வாரி நகர்ந்துகொண்டிருந்ததாம். பத்தொன்பது வருடமாக நடுவழியில் இறங்காதவள் அன்று இறங்கிவிட்டாள்.

யாரோ நம்பர் கொடுக்க, திண்டிவனத்திலிருந்து ரேவதி வந்தார். தையல் கடை வைத்திருப்பவர்; அடிபட்ட நாய்களை மீட்கும் சிறு குழு ஒன்றில் இருப்பவர். எக்ஸ்ரே எடுத்தார், ஊசி போடவைத்தார், பிறகு உண்மையைச் சொன்னார். அவர்களுடைய கொட்டகையில் இடமில்லை. புதுச்சேரியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நாயை எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் அவர் வீட்டுப் படிகளை இடித்துச் சாய்தளம் போட்டு முடிக்கப் பத்து வாரம் ஆகும். அந்தப் பத்து வாரம் நீங்கள் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும் என்றேன். காரணம் கருணை அல்ல, காலண்டர். நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுபவன். ஆடி மாதத்தில், பதினெட்டாம் பெருக்கு ஒருநாள் போக, எங்கள் பக்கம் யாரும் நிலம் வாங்குவதில்லை. ஆடியில் நான் அரசமரத்தடிப் பிள்ளையாரைப்போல உட்கார்ந்திருப்பேன்; கொழுக்கட்டைதான் கிடையாது. அந்தப் பத்து வாரத்தில் மூன்று வாரம்தான் ஆடி, மீதி ஆவணியும் புரட்டாசியும் என்பதை, பிறர் மனையை அங்குலம் பிசகாமல் எழுதும் நான் யோசிக்கவில்லை.

தற்காலிகமாக வந்த நாய்க்குப் பெயர் வைத்தால் பிரிவது கஷ்டம் என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே வைக்கவில்லை. பத்திரத்தில் ஒருமுறை விவரித்த சொத்தை அடுத்த முறை 'மேற்படி சொத்து' என்போம். அந்தப் பழக்கத்தில் மேற்படி நாய் என்றேன். ஒரே வாரத்தில் வசந்தா "மேப்படி, வா" என்று கூப்பிட, அது இடுப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு அடுப்படிவரை போனது. பெயர் வைப்பதில்லை என்ற என் வைராக்கியம் அத்துடன் முடிந்தது.

நீர்ப்பையைப் பிழிவது கையால் மட்டுமே கற்கக்கூடியது. இருந்தாலும் சொல்கிறேன். இடுப்பின் கீழே ஒரு துண்டைக் கொடுத்து நாயைத் தூக்கி நிற்கவைக்க வேண்டும். பின்கால்களுக்குச் சற்று முன்னால், வயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கைகளை வைக்க வேண்டும். விரல்நுனி உதவாது. உள்ளே தண்ணீர் ஊற்றிய பலூன்போல ஒன்று நழுவும். அதைப் பிடித்து, வால் பக்கமாக, மெதுவாக அழுத்த வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, முழுதாகக் காலியாகும்வரை.

முதல் நாள் நான் குடலைப் பிழிந்தேன். இரண்டாம் நாள் எதுவும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் பலூன் கிடைத்து, வாசலில் சிற்றோடை ஓடியது. திருத்தமில்லாமல் பதிவான எந்தப் பத்திரமும் எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை.

எதிர்வீட்டு ஏழுமலை, முன்னாள் லாரி டிரைவர், இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், நாயில பால் கறக்கிறியா?"

"மூத்திரம்ங்க."

"அதானே. பாலா இருந்தா சொசைட்டிக்காவது ஊத்தலாம்."

ஆடி இப்படி நல்லபடியாகப் போனது. ஆவணி பிறந்தது.

ஆவணி முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகம் தேர்த்திருவிழா. காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தால் மாலை ஆறுக்குத்தான் எழ முடியும். பகல் பன்னிரண்டு மணிப் பிழிவு விட்டுப்போகும். வசந்தா பள்ளியில் இருப்பாள். ஏழுமலையைக் கேட்டேன். பதினாறு சக்கர வண்டியை மலைப்பாதையில் பின்னோக்கி ஓட்டியிருப்பதாகவும், இது தன்னால் ஆகாது என்றும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு வசந்தாவின் வழி தோன்றியது.

அவள் காலை ஆறு மணிக்கு அரை டம்ளர் டீ குடிப்பாள். பிறகு மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் போட்ட வருடம் தண்ணீர் வரவில்லை. பாட்டிலில் கொண்டுபோகும் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். கல்யாணமான நாளாக இதைப் பார்த்துவருகிறேன். அதை அவளுடைய ஒழுங்கு என்றே நினைத்து மெச்சியும் வந்திருக்கிறேன்.

ஊற்றினால்தானே வரும்? முகூர்த்த நாள்களில் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையிலேயே எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டுப் போனேன்.

இரண்டாம் முறை வைக்கும்போது வசந்தா பார்த்துவிட்டாள். "அதுக்குத் தாகம் எடுக்காதா?" என்றாள்.

"உனக்கு எடுக்குதா?" என்றேன். சாமர்த்தியமான பதில் என்று நினைப்பு.

அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள். "எடுக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அது என் கேள்விக்கான பதில் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வழி பலித்தது என்றே நம்பினேன். மாலையில் வந்தால் பழைய வெள்ளம் இல்லை. படுக்கைத் துணியில் உள்ளங்கை அளவு ஈரம், அவ்வளவுதான். தானாகவே கொஞ்சம் போகிறது, உடம்பு தேறிவருகிறது என்று எடுத்துக்கொண்டேன். ரேவதிக்குப் போன் போட்டு, கன்ட்ரோல் வந்துவிட்டதுபோலத் தெரிகிறது என்றுகூடச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். நான்கு முகூர்த்தம் இப்படிக் கழிந்தது. பிறகு முகூர்த்தம் இல்லாத நாள்களிலும் பகலில் வீட்டுக்கு வரச் சோம்பல்பட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

முதலில் வந்தது வாடை. நாயின் மூத்திர வாடை எங்களுக்குப் பழக்கம், இது வேறு. மீன் கழுவிய தண்ணீரை வெயிலில் வைத்ததுபோல இருந்தது. மறுநாள் காலை பிழிந்தபோது கெட்டி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. ஆற்றாத டீபோலச் சுட்டது. நாய் சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. முன்கால்கள் மட்டும் நடுங்கின. பின்கால்களுக்கு நடுங்கவும் தெரியாது.

அது ஒரு சனிக்கிழமை. அதே நடைக்கூடம், அதே கிரேட். இந்த முறை ஆட்டுக்காரர்கள் வழிவிட்டார்கள்.

காய்ச்சல் நூற்றைந்து. டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார். மூத்திரத்தோடு சீழும் ரத்தமும் வந்தன, நிற்காமல் வந்தன. இவ்வளவும் அந்தச் சிறிய வயிற்றுக்குள் எங்கே இருந்தது என்று நான் விழித்தேன். தானாகத்தான் கொஞ்சம் போய்க்கொண்டிருந்ததே என்றேன்.

"தானா போகல சார். ரொம்பி வழிஞ்சிருக்குது" என்றார். குடம் நிரம்பினால் விளிம்பில் வழிவதை, குடம் காலியாகிறது என்று நான் படித்திருக்கிறேன். நீர் உள்ளேயே தேங்கி, கிருமி பெருகி, நீர்ப்பையிலிருந்து சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. ரத்தத்தை விழுப்புரம் லேபுக்கு அனுப்பினார். அன்று மாலையே போனில் முடிவு வந்தது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் தோற்கிறது என்று பொருள்) இருக்க வேண்டியதைப்போல நான்கு மடங்கு.

தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். கிண்ணம், பரண், முகூர்த்தம், எல்லாவற்றையும். பத்திரம் படிப்பதுபோல ஒரே குரலில் சொன்னேன்.

"யாரு சார் உங்களுக்கு இத சொல்லிக் குடுத்தது?"

பின்னால் நின்றிருந்த வசந்தா சொன்னாள். "என்னப் பாத்து செஞ்சிருக்காரு டாக்டர். நான் பத்தொம்பது வருஷமா இப்டித்தான் ஸ்கூலுக்குப் போய் வரேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். கழற்றி முடித்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேம்ப் போற நாள்ல நானும் இப்டித்தான்" என்றார். "ஆனா நமக்குக் கடுத்தா தெரியும். ரெண்டு எளநி குடிச்சி சரி பண்ணிக்கறோம். இதுக்கு இடுப்புக்குக் கீழ எரியறதே தெரியாது. எரிஞ்சிட்டே இருந்திருக்கும், இது உங்களப் பாத்து மூஞ்சிய நக்கிட்டு இருந்திருக்கும்."

இரண்டு நாள் கெடு. ஊசியும் சலைனும் வேலை செய்தால் திங்கட்கிழமைக்குள் காய்ச்சல் இறங்க வேண்டும், கழிவு குறைய வேண்டும், நாய் வாய் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வைத்திருப்பது கொடுமை, ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைத்துவிடலாம். அதற்கு ஒப்புதல் கடிதம் ஒன்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். "நீங்கதான் எழுதறவராச்சே" என்றார். குத்திச் சொல்லவில்லை, ஆனாலும் குத்தியது.

ரேவதியிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். தையல் மெஷின் சத்தம் நின்றது மட்டும் கேட்டது. "நீங்க பாக்கறத நான் பாக்கல சார். நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை. சலைன் பாட்டிலை வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தோம். சொட்டு ஒழுங்காக விழுகிறதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தோம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை வாங்கிய வெயில் முழுவதையும் மத்தியானத்தில் ஊருக்குள் திருப்பிவிடும். அதில் நாய் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தோம் (ஒரே பக்கம் கிடந்தால் உணர்வில்லாத தோல் அழுகிப் படுக்கைப்புண் வரும்). புரட்டும்போது தலை தானாக வராமல் துணிமூட்டைபோலத் தொங்கி வந்தது.

வசந்தா சொட்டைப் பார்த்தபடியே பேசினாள். "எனக்குத் தாகம் எடுக்குதானு கேட்டீங்களே."

"ம்."

"மூணாவது பீரியட்ல நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும். அஞ்சாவது பீரியட்ல தல வலிக்கும். பழகிடுச்சின்னு நெனச்சிங்களா? வேற வழி இல்ல, அவ்ளோதான்."

மூன்று முறை அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஏன் வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

டாக்டர் கேட்ட ஒப்புதல் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது எங்கள் தொழில் பழக்கம். "செஞ்சி டவுனில் வசிக்கும் நான், என் முழு மனதுடனும் சுய நினைவுடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி எழுதிக் கொடுத்த ஒப்புதல் கடிதம் என்னவென்றால்" என்று வேகமாகத்தான் போனது. முப்பது வருடத்தில் கை தானாக எழுதும். "மேற்படி" என்று சொன்னேன்.

நாயின் காது அசைந்தது. கண் திறக்கவில்லை. காது மட்டும், என் பக்கமாக.

பேனாவை மூடி வைத்தேன். அந்தக் கடிதத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிழிக்கவும் இல்லை. திங்கட்கிழமை தேவைப்படலாம்.

திங்கள் முகூர்த்தம். என் பெயரில் ஏழு பத்திரம் காத்திருந்தது. பக்கத்து மேசைக்காரரையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வசந்தா தலைமையாசிரியருக்குப் போன் செய்து, வீட்டில் உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லையாம். எனக்குத்தான் என்று அவராகவே எண்ணிக்கொண்டிருப்பார்.

காலை ஐந்தரை மணிப் பிழிவு. துண்டு கொடுத்துத் தூக்கினேன். கை வைத்தேன். பலூன் இருந்தது, அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அழுத்தினேன். முதலில் கலங்கலாக வந்து, பிறகு வெளிறி, பிறகு மஞ்சளாக வந்தது. சுடவில்லை. கடைசிச் சொட்டுக்காக இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது, இரண்டு நாளாக மூட்டைபோலக் கிடந்த தலை சட்டென்று திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வியது.

நன்றாகவே கடித்தது. இரண்டு பல் இறங்கியது.

"கடிச்சிடுச்சி" என்றேன். வசந்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் கையைப் பார்க்காமல் நாயின் வாயைத் திறந்து ஈறு சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். அது குடித்த சத்தம் தெருவரை கேட்டிருக்கும். ஏழுமலை வேலிக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார் கையில ரத்தம்?"

"நாய் கடிச்சிடுச்சிங்க."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் சிரிக்கிற?"

மாலையில் மருத்துவமனையில் டாக்டர் சிரிக்கவில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு, கழிவு பாதியாகக் குறைந்திருக்கிறது, மருந்து இன்னும் நான்கு வாரம் என்றார். நான் ஒரு சந்தேகம் கேட்டேன். அழுத்தியபோது கடித்ததே, அப்படியானால் கீழே உணர்வு வந்துவிட்டதா? "இல்ல சார். உங்க கை வந்தத பாத்திருக்கும். கோவம் வந்திருக்கும். அவ்ளோதான். அதிகம் ஆசப்படாதீங்க" என்றார். பின்கால் விரலை மறுபடி அழுத்திக் காட்டினார். நாய் என்னை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தது. ஊசி எனக்கும் போட்டார்கள், அரசு மருத்துவமனையில், வரிசையில் நின்று.

அதன்பின் எந்த முகூர்த்தத்திலும் பன்னிரண்டு மணிக்கு நான் மேசையில் இல்லை. வாங்குபவர், விற்பவர், சாட்சிகள் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவர் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பக்கத்து மேசைக்காரர் சொன்ன பதில்கள் எனக்குப் பல தினுசாகத் திரும்பி வந்தன. ஒன்றுகூட உண்மையைவிட வேடிக்கையாக இல்லை.

புரட்டாசிக் கடைசியில் நர்ஸம்மா புதுச்சேரியிலிருந்து வந்தார். என் தவறை மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நாயைத் தூக்கி நிறுத்திக் கை வைத்தார்; முதல் தடவையிலேயே பலூன் அகப்பட்டுவிட்டது. எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. பெயர் கேட்டார். மேற்படி என்றேன். "நல்ல பேரு. எந்த ஊரு சாமி பேரு இது?" என்றார். கார் திண்டிவனம் ரோட்டில் திரும்பும்வரை வசந்தா பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மணியைப் பார்த்தேன். அடுத்த பிழிவுக்கு இரண்டே கால் மணி நேரம் இருந்தது.

வசந்தா இப்போது இரண்டாவது பீரியட் முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள். பள்ளிக்கு எதிர்வீட்டில் வெட்கத்தை விட்டுக் கேட்டாளாம். "இத்தினி வருஷமா ஏன் டீச்சர் கேக்கல?" என்று அந்த வீட்டுப் பெண் கோபித்துக்கொண்டாளாம்.

எனக்கு நேர்ந்தது வேறு. மனிதர்களைப் பார்த்தால், இவர் எப்போதிலிருந்து உட்கார்ந்திருக்கிறார் என்று மனம் கணக்கிட ஆரம்பிக்கிறது. ஒரு நாள் என்பது நான்கு நிரம்பல்கள், நான்கு காலியாதல்கள். இடையில் கிடைப்பதுதான் வாழ்க்கை. இதை யாரிடமும் சொல்வதில்லை. ஏற்கனவே இருக்கும் பெயர் போதும்.

போன வாரம் ஒரு முகூர்த்தம். ஆலம்பூண்டியிலிருந்து இரண்டு அண்ணன்களும் ஒரு தங்கையும் வந்திருந்தார்கள். அப்பா நிலத்தில் தங்கைக்குள்ள பாகத்தை அவர் அண்ணன்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இந்தப் பத்திரங்களில் தங்கைகள் காலை எட்டு மணிக்கே வந்து பெஞ்சு நுனியில் உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணன்கள் டீக்கடைக்குப் போய்வருவார்கள். தங்கையின் கையில் தண்ணீர் பாட்டில், திறக்காமல். முப்பது வருடமாக இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததே இல்லை.

மணி ஒன்று. பத்திரத்தில் கடைசிப் பக்கம் மட்டும் எழுதப் பாக்கி. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பின்னாடித் தெருவுல டீக்கடக்காரம்மா வீடு இருக்குது. சொல்லி வச்சிருக்கேன். போய்ட்டு வந்துடும்மா" என்றேன்.

"டோக்கன் கூப்பிடப் போறாங்க சார்" என்றார் மூத்தவர். "அது இன்னா, கையெழுத்து போட்டுட்டு ஊட்டுக்குத்தான போவுது."

"எழுதுங்க சார், ஒண்ணும் வேணாம்" என்றார் அந்தப் பெண்ணும்.

நான் பேனாவை மூடி, பேனா எழுதவில்லை என்றேன். மூத்தவர் தன் பேனாவைக் கொடுத்தார். அதுவும் எழுதவில்லை என்றேன்.

அந்தப் பெண் போய்வரப் பத்து நிமிடம் ஆனது. முகம் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடி வந்தார். பெஞ்சின் நுனியில் உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு ஒரு வாட்டி படிங்க சார்."

அண்ணன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், எங்களுடையதேதான். அடுத்தவரைப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, முதல் வரியிலிருந்து, நிறுத்தி நிறுத்திப் படிக்க ஆரம்பித்தேன்.